சந்தேகத்தாரும் புகை மெஷினும்

தன் நிழலிடமே அடையாள அட்டை கேட்கக்கூடிய தமிழர் லண்டனில் ஒருவர்தான் இருந்தார். கிங்ஸ்பரியில் நாங்கள் அவரைச் சந்தேகத்தார் என்போம். சொந்தப் பெயரை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் தபால்காரரோடு எங்களைக் கதைக்க விடமாட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரே வீட்டில் அவருக்குக் கீழறை, எனக்கு மேலறை. தன் பால் போத்தலில் பேனையால் கோடு கீறி வைப்பார். பால் கோட்டுக்குக் கீழே இறங்காவிட்டாலும் நிம்மதி கிடையாது. "குடிச்சுப்போட்டுத் தண்ணி விட்டிருக்கிறாங்கள் தம்பி" என்பார். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் பாவம், 'குட் மோர்னிங்' சொன்னாலும் குற்றம். "உவன் ஏன் என்ரை காரைப் பாத்துச் சொல்லுறான்?"

அந்த வருடம் எனக்கொரு பெரிய சிக்கல் வந்தது. மூன்று வருடமாகப் பிரிந்திருந்த மனைவி சனிக்கிழமை ஹீத்ரோவில் வந்து இறங்குகிறாள். 'என் சொந்தக் காரில் வந்து ஏற்றுவேன்' என்று கடிதத்தில் வீறாப்பாக எழுதிவிட்டேன். காரின் ரோட் டாக்ஸோ வெள்ளியோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க எம்.ஓ.டி. சான்றிதழ் வேண்டும். பிரேக், லைட் எல்லாம் பார்க்கும் வருடாந்தச் சோதனை அது. அப்போதுதான் புகையையும் மெஷின் வைத்து அளக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வியாழன் காலை, வெம்பிளியில் ஒரு குஜராத்திக்காரரின் கராஜுக்குப் போனேன். சந்தேகத்தார் தன் காரில் பின்னாலேயே வந்துவிட்டார்.

"உன்னைத் தனிய விட்டால் என்ஜினையே மாத்திப்போடுவாங்கள்."

குஜராத்திக்காரர் என் காரின் புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகினார். மெஷினில் எண்கள் ஏறின, ஏறிக்கொண்டே போயின. "ஃபெயில்" என்றார்.

எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே நாள். சந்தேகத்தாருக்கோ முகமெல்லாம் வெளிச்சம்.

"நான் அப்பவே நினைச்சனான். உது கள்ள மெஷின் தம்பி!"

"சும்மா இருங்கோ அண்ணை. மனுசன் கோவிச்சால் என்ரை சனிக்கிழமை போச்சு."

"பொறு. என்ரை கார் நாலு மாசத்துக்கு முதல்தான் பாஸ் பண்ணினது. அதை வைச்சுப் பாக்கட்டும். ஃபெயில் எண்டு காட்டினால் மெஷின் பொய்."

"பாஸ் எண்டு காட்டினால்?"

"எனக்கு உன்ரை காரிலதான் சந்தேகம்."

அரைமணி நேரம் விவாதித்தார். ஆள் தொலைந்தால் போதும் என்று குஜராத்திக்காரர் அவர் காரிலும் கம்பியைச் செருகினார். எண் என்னுடையதையும் தாண்டி ஏறியது.

"பாத்தியே! பொய்!" என்று துள்ளியவர் சட்டென்று நின்றார். புதுச் சந்தேகம் ஒன்று வந்துவிட்டது. "பொறு... அப்ப நாலு மாசத்துக்கு முதல் பாஸ் பண்ணினவன் கள்ளனோ?"

குஜராத்திக்காரருக்கும் இப்போது சந்தேகம் தொற்றிக்கொண்டது. இரண்டு கார்களின் என்ஜின் மூடிகளையும் திறந்தார். என்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாயில் விரலை விட்டு, என் காரிலிருந்து ஒரு நீலக் கட்டத் துணியை உருவினார். சந்தேகத்தாரின் காரிலிருந்தும் அதே துணி வந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் இடுப்பில் கட்டுகிற ஒரு முழுச் சாரம்! காற்றில்லாமல் திணறித்தான் இரண்டும் இப்படிப் புகைத்தன என்றார் குஜராத்திக்காரர்.

"அண்ணை, இதை ஆர் வைச்சது?"

சந்தேகத்தார் கூரையைப் பார்த்தார். "எதிர்வீட்டான் உதுக்குள்ள மண் போட்டாலும் எண்டு... போன கிழமை, நீ குளிக்கேக்க உன்ரை கார்த் திறப்பை எடுத்தனான்."

"விசரே உங்களுக்கு? உங்கடை காருக்கு வைச்சால் காணாதே?"

"என்ரையை அடைச்சுப்போட்டால் அவன் உன்ரை காருக்கெல்லோ வருவான். மனிசி வாற நேரம், நீ என்ன செய்வாய்?"

திட்ட வந்தவன், அந்தத் துணிகளை வாங்கி மடித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

துணி போனதும் இரண்டு கார்களும் பாஸ். மத்தியானமே தபால் கந்தோருக்கு ஓடி, ரோட் டாக்ஸ் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினேன்.

சனிக்கிழமை அவரும் ஹீத்ரோவுக்கு வந்தார். தள்ளுவண்டியோடு அவள் வெளியே வந்தபோது நான் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினேன். சந்தேகத்தார் காதருகே குனிந்தார்.

"தம்பி, உது அவதானோ? வடிவாப் பார்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் எல்லோரையும் சந்தேகித்தார் என்றுதான் ஊரே சொல்லும். சொல்லட்டும். நான் தனியாகக் கிடந்த அந்த மூன்று வருடத்தில், லண்டனில் எனக்காகப் பயந்த ஒரே மனிதர் அவர்தான்.