நான் கை தூக்கி வாங்கிய விடுமுறை

பேரன்புள்ள அக்காவுக்கும் மதிப்பிற்குரிய மாமாவுக்கும் தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர.

வரும் புதன்கிழமை நம் பெண்ணின் திருமணப் பதிவுக்கு நீங்கள் வர வேண்டாம். அன்று பதிவு அலுவலகம் மூடியிருக்கும். மூட வைத்தவன் நான்தான்.

பதறாதே, சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு நாள் அந்தந்த ஊரே தன் விருப்பப்படி பொது விடுமுறை விட்டுக்கொள்ளலாம் என்று மாநில அரசாங்கம் நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டது. எங்கள் நகராட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஒரே அமளி. தலைவர் நகராட்சிக் கட்டடம் திறந்த நாளைக் கேட்டார், அது தற்செயலாக அவருடைய பிறந்தநாளாம். மளிகைக்காரர் கடையில் கூட்டமில்லாத நாளைக் கேட்டார். பல் மருத்துவர், எதற்கானாலும் வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும் என்றார். தையற்கடைக்காரனான நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் என் வார்டில் சாக்கடைக் குழிக்குள் இறங்கி விஷவாயுவில் போன இருவரின் நினைவு வந்தது. எழுந்து, அவர்கள் இறந்த நாளையே விடுமுறையாக்குங்கள் என்றேன். அவர்களில் ஒருவருடைய மனைவி கதவோரம் நின்றிருந்தார். அவரும் துப்புரவுப் பணியாளர்தான். "செத்த நாளுக்கு லீவு விடறீங்க, சரிங்க. அன்னிக்கே விட்டிருந்தா அவரு இருந்திருப்பாரே" என்றார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை கைகளும் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது என்னுடையது.

வீட்டில் வந்து சொன்னால் என் மனைவி, "ஏங்க, அது நம்ம பொண்ணு கையெழுத்துப் போடற நாளில்ல?" என்கிறாள். வேறு நாள் பார்க்கலாமென்றால், மாப்பிள்ளையின் முதலாளி புதனன்று மட்டும்தான் லீவு தருவாராம். இல்லாவிட்டால் அவர்கள் ஊர் தேர்ந்தெடுத்த விடுமுறையன்று போகட்டும் என்கிறார், அது வர அரை வருடம் ஆகும். சம்பந்தி போனில், "உங்க ஊர் லீவுக்கு எங்க பையன் என்னங்க பாவம் பண்ணினான்?" என்று கேட்டார். பெண் மட்டும், "அந்தம்மா முன்னாடி தூக்கின கையை இறக்கிடாதீங்கப்பா. நான் காத்திருக்கேன்" என்றாள். அக்கா, அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மாமாவின் முட்டிவலியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
கை தூக்கத் தெரிந்த, நாள் பார்க்கத் தெரியாத உன் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது நகராட்சியிலிருந்து போன். பதிவு அலுவலகம் மாநில அரசாங்கத்தைச் சேர்ந்ததாம்; நம் ஊர் விடுமுறை அதைக் கட்டுப்படுத்தாதாம்; புதனன்று திறந்திருக்குமாம். ஆகவே கட்டாயம் வந்துவிடுங்கள். துப்புரவுப் பணியாளர்களுக்கும் அன்று விடுமுறை கிடையாதாம். அவர்களுடையது அத்தியாவசியப் பணியாம். அதனால் எனக்குச் சற்றுத் தாமதமாகும். அன்று காலை அந்தம்மாள் கூட்டும் தெருவை அவருக்குப் பதிலாக நான் கூட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். நான் வந்து சேரும்வரை பெண்ணைக் கையெழுத்துப் போட விடாதே.