நாலு மணிப் பலகாரமும் டொக்டர் விரல்களும்

தீத்துகிறவர் என்றொரு இனம் நம் குடாநாட்டில் உண்டு. பிள்ளைக்கு வாயில் உணவு தீத்தி விடுவது எல்லாப் பெற்றோரும் செய்வதுதானே என்பீர்கள். செய்யலாம், ஏதோ ஒரு வயது வரை. நான் சொல்லும் இனத்துக்கு வயதெல்லை கிடையாது. பிள்ளைக்கு வாய் இருப்பது அவர்களுக்குத் தெரியும். கை இருப்பதுதான் தெரியாது.

சுன்னாகத்தில் இருக்கும் கிளாக்கர் தில்லைநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் கந்தோர் வேலை முடிந்து வந்து, சைக்கிளைச் சாத்தி, கைகால் கழுவி, மூன்று வயது மகன் சண்முகநாதனை எதிரே இருத்தி, பலகாரத் தட்டை அவனுக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்குவார். கச்சான் கடலையை உடைப்பார், தோலை ஊதுவார், பருப்பைப் பிளந்து உள்ளே புழு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பனங்கிழங்கென்றால் தும்பை இழுத்து, நடுவிலிருக்கும் நரம்பை எடுத்து, நுனியை எறிந்து, மிச்சத்தை விரற்கடை அளவில் முறிப்பார். பிறகு, "வாயைத் திற, குஞ்சு." குஞ்சு திறக்கும். அதன் இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடக்கும்.

பக்கத்து வளவில் செபநாயகத்தின் இரண்டு வயது மகள் நிலத்தில் குந்தியிருந்து தானே கச்சான் உடைப்பாள். பாதி கோழிக்குப் போகும், மீதி அவளுக்கு. வேலிக்கு மேலால் அதைப் பார்த்து, கவனிக்க ஆளில்லாத பிள்ளை என்று தில்லைநாதன் மனம் இரங்குவார்.

மனைவி மீனாம்பிகை ஒருநாள் கேட்டே விட்டாள்: "இஞ்சாருங்கோ, அவன்ரை கையிலை ஒண்டைக் குடுத்துப் பாருங்கோவன்."

"இது ஒப்பரேசன் செய்யப் போற கை. கச்சான் கோது கீறிப்போடும்" என்றார் தில்லைநாதன். கச்சான் பிடிக்காத கை கத்தியை எப்படிப் பிடிக்கும்? அதை அவள் கேட்கவில்லை. பாவம், நினைத்திருப்பாள்.

விசயதசமி வந்தது. ஏடு தொடக்கலுக்குத் தெல்லிப்பழையிலிருந்து சொந்தக்காரர் எல்லாரும் வந்துவிட்டார்கள். டொக்டரின் முதல் எழுத்தைப் பார்க்க வாருங்கள் என்றல்லவா தில்லைநாதன் சொல்லியிருந்தார். கதிரவேலு வாத்தியார் பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் எழுதுவித்தார். விரல் அவித்த கிழங்குபோல் துவண்டது. இனித் தனிய எழுதுங்கோ தம்பி என்று கையை விட்டார். தம்பி அரிசியைப் பார்த்தான். கைகளை மடியில் வைத்தான். வாயைத் திறந்தான்.

சபை சிரித்தது. மீனாம்பிகைக்குக் கண் கலங்கிவிட்டது. தில்லைநாதனின் முகத்தை நான் வருணிக்கப் போவதில்லை, நானும் சிரித்தவன்தான்.

வாத்தியார் சிரிக்கவில்லை. தேத்தண்ணி அலுவலைப் பார்க்கும்படி தகப்பனை உள்ளே அனுப்பினார். சாமிக்குப் படைத்த அவித்த கடலையில் ஒரு பிடி அள்ளிப் பிள்ளைக்கு முன்னால் வைத்தார். "உந்தக் கடலையை எடுங்கோ, தம்பி. எழுத்துப் பிறகு."

முதல் கடலை வழுக்கியது. இரண்டாவது உருண்டு கும்பத்துக்குப் பின்னால் போனது. பிள்ளையின் நெற்றி சுருங்கியது, நாக்கு வெளியே வந்தது, உடம்பு முழுவதும் இரண்டு விரலுக்குள் வந்து நின்றது. நாலாவது கடலை பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அகப்பட்டு, மெல்ல மெல்ல மேலே எழும்பியது. வாத்தியாரின் கை அரிசித் தட்டை அருகே நகர்த்தியது.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. "பொறு குஞ்சு, தோல் தொண்டையிலை பிடிக்கும். அப்பா உரிச்சுத் தாறன்."

விரல்கள் விட்டன. கடலை விழுந்தது. வாய் திறந்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்றுக் காலை உங்கள் மகள் குனிந்திருந்து செருப்பு வாரை மாட்டப் பாடுபட்டபோது, நேரம் போகுது, காலை நீட்டு என்று சொன்னது யார்? அவள் உடனே நீட்டினாளே, அதைச் சொல்வழி கேட்கும் பிள்ளை என்றுதானே நினைத்தீர்கள்?