நாலு எலுமிச்சம்பழத் தூரம்

புதுசா வாங்கின காருக்குப் பூசை செய்விக்க வேணும். அண்டைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

புதுசு எண்டால் எனக்குப் புதுசு. தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு, ஏற்கெனவே ஏழு வருசம் ஓடின ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. ரெண்டே ரெண்டு சீற்!

மனுசி வதனி ஒரு கொண்டிசனோடதான் சம்மதிச்சவ.

"ஒருநாள் என்னை வழியில விட்டுதெண்டால், அடுத்தநாளே இந்தக் காரைக் குடுத்துப்போட்டு வான் எடுக்கவேணும்."

"ஓம்" எண்டன். உலகத்திலேயே எனக்குப் பிடிச்ச சாமானை அந்த ஒரு சொல்லில ஈடு வைச்சன்.

வதனியின்ர தம்பி குகன்தான் என்ர ஒரே ரசிகன். அவனுக்கு எஞ்சின் பாடம் எத்தினைதரம் எடுத்திருப்பன்!

"இதில பிஸ்டனே இல்லையடா. ரெண்டு முக்கோண இரும்பு உள்ளுக்குச் சுத்தும். ஏழு செக்கனில நூறு! ஒண்டே ஒண்டுதான் கவனம். குளிரில ஸ்டார்ட் பண்ணினால், சூடாக முதல் நிப்பாட்டக்கூடாது. பெற்றோல் உள்ளுக்கு நிரம்பிப்போகும். பிறகு அசையாது."

"அப்பிடியோ அத்தான்!" எண்டு வாயைப் பிளந்து கேப்பான். நல்ல பெடியன்.

கனடாவில றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு வெளிக்கிட்டம். காருக்குள்ள தேங்காய் வைக்கவும் இடமில்லை. பூசைச் சாமான் எல்லாம் குகன்ர பழைய வானில பின்னால வந்தது.

ஐயர் வர ரெண்டு மணித்தியாலம். மார்ச் குளிரில எஞ்சின் விறைச்சுப்போச்சு.

ஐயர் சந்தனக் கிண்ணத்தோட காரைச் சுத்தி வந்து முழிச்சார்.

"தம்பி, முன் லைற்றைக் காணேல்லையே?"

"உள்ளுக்கு மடிஞ்சு கிடக்கு ஐயா. இஞ்ச பாருங்கோ!"

சுவிச்சைத் தட்டினன். ரெண்டு லைற்றும் டக்கெண்டு எழும்ப, ஐயர் ரெண்டடி பின்னால பாய்ஞ்சார். சந்தனம் முழுக்க வதனியின்ர பட்டுச்சீலையில! அவ சீலையைப் பாத்தா, பிறகு காரைப் பாத்தா. அதுதான் பயமாய் இருந்தது.

நாலு சில்லுக்கும் முன்னால எலுமிச்சம்பழம் வைச்சாச்சு. ஸ்டார்ட் பண்ணினன். அந்தச் சத்தத்துக்குக் கோயில் வாசலே திரும்பிப் பாத்தது. மெல்ல விட்டன். சளக், சளக்!

"அத்தான்! நிப்பாட்டிப்போட்டு இறங்குங்கோ, ஒரு படம்!" குகன் கமெராவோட நிண்டான்.

நிப்பாட்டினன். இறங்கினன். பொனெற்றில சாய்ஞ்சு சிரிச்சன்.

திரும்ப ஏறித் திறப்பைத் திருப்பினால், குர்ர்ர்... ஒண்டுமில்லை. பெற்றோல் மணம் மட்டும் கும்மெண்டு வந்தது. வேட்டியோட ஆறு பேர் தள்ளிச்சினம். அசையேல்லை.

"வேகமான கார் எண்டு சொன்னீங்கள்?" எண்டார் ஐயர்.

"கோயில்ல நிண்டதை, வழியில விட்டதெண்டு சொல்லேலாதுதானே?" எண்டு வதனியிட்டை மெல்லச் சொல்லிப் பாத்தன்.

அவ சந்தனச் சீலையைத் தூக்கிக் காட்டினா. கேஸ் முடிஞ்சுது.

எனக்கு அழுகையே வந்திட்டுது. அப்பதான் குகன் தோளில கை போட்டான்.

"கவலைப்படாதையுங்கோ அத்தான். என்ர வானை நீங்கள் எடுங்கோ. உந்தக் கரைச்சலை நான் பாக்கிறன்."

தெய்வம் எண்டு நினைச்சன்!

அண்டையில இருந்து அந்தக் கார் அவனிட்டை ஒருநாளும் வழியில நிண்டதில்லை.

ஒரு வருசத்துக்குப் பிறகு, ஆசைக்கு அந்தப் படத்தையாவது தாவன் எண்டு கேட்டன்.

"அண்டைக்குக் கமெராவில பிலிம் ரோலே இருக்கேல்லை அத்தான்."

அந்தக் காருக்கு நூறைப் பிடிக்க ஏழு செக்கன். எனக்கு விசயத்தைப் பிடிக்க ஒரு வருசம்.