குண்டடத்துக்குத் தெற்கே ஓர் ஊதா மலை

"எல்லாம் கற்பனை" என்று சொல்ல ஒரு விநாடி போதும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டால், கொளுத்தும் வெயிலில் குண்டடம் வரைக்கும் புல்லட்டின் பின்சீட்டில் போக வேண்டிவரும். நான் போயிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்தேன். (வெளிநாட்டுக்காரர்களிடம் "சரக்கு நாளைக்கு ஏறிவிடும்" என்று தினமும் இங்கிலீஷில் சொல்கிற வேலை.) என் நண்பன் முருகேசன் அதே கம்பெனியில் குழந்தைகளின் பனியனுக்கு வாத்தும் கரடியும் வரைபவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தனக்காக வரைவான்: உலகத்தில் எங்குமே இல்லாத மலைகள், ஏரிகள், காடுகள். அவற்றை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் கண்காட்சியாக வைத்தான். நாலு பேர் முன்னால் அவனுக்குப் பேச வராது. அதனால் விளக்கம் சொல்லும் பொறுப்பு எனக்கு.

"எல்லாம் கற்பனைன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்," என்றான்.

டை கட்டிக்கொண்டு வந்தவன் ஒற்றை வார்த்தையோடு நிற்பதா?

மதியம் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வந்தார். ஊதா மலையும் அதன் அடிவாரத்தில் மஞ்சள் ஏரியும் இருந்த படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"ஏனுங்க, இந்த எடம் எங்கீங்க இருக்குது?"

"குண்டடத்துக்குத் தெக்கால, கொஞ்சம் உள்ள தள்ளிப் போகோணுங்க." (குண்டடத்தை நான் பஸ் போர்டில் மட்டுமே பார்த்திருந்தேன்.)

"நீங்க பாத்திருக்கறீங்களா?"

"பாத்தனாவா? அந்த ஏரில குளிச்சிருக்கறனுங்க!"

"அப்படீங்களா. நமக்குக் குண்டடந்தானுங்க. பொறந்ததுலிருந்து அங்கதான் இருக்கறன். இப்படியொரு மலை கண்ணுல படாமப் போச்சே! வண்டி வெளியதான் நிக்குது. வாங்க, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரலாம்."

அவருக்குப் பின்னால் நின்று முருகேசன் 'வேண்டாம் வேண்டாம்' என்று கையை ஆட்டினான். என் வாயோ "போலாங்க" என்றது.

பல்லடம் தாண்டும்வரை டை என் முகத்தில் அறைந்துகொண்டே வந்தது. (தகும்.) குண்டடத்துக்கு அப்பால் கண்ணுக்கு எட்டியவரை தட்டையான மானாவாரி நிலம். மேடு என்று சொல்ல ஒரு கரையான் புற்றுகூட இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் வண்டியை நிறுத்தினார்.

"ஏனம்மிணி, இங்க ஊதா நெறத்துல மலை ஏதாச்சும் இருக்குதா?"

அந்த அம்மா நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "காத்தால வரைக்கும் இல்லீங்களே," என்றார்.

"இன்னுங் கொஞ்சம் தெக்காலங்க," என்றேன். போனோம். மலை வரவில்லை. மறுபடியும் அதையே சொன்னேன். இப்படியே போனால் தாராபுரமே வந்துவிடும்.

"வெயில் தாங்கலீங்க. ஊடு பக்கந்தான். மோர் குடிச்சுட்டுத் தேடலாம்," என்றார் அவர்.

வீட்டில் மோர்ச் சொம்போடு வந்த பெண்ணிடம் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்: "கண்ணு, புரோக்கர் சொன்னாரல்ல, திருப்பூர் மாப்பிள்ளைன்னு? இவருதான். நமக்குத் தெரியாம நம்மூருலயே ஒரு மலை வெச்சிருக்கறாரு."

எனக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். தரை பிளந்திருந்தால் அப்படியே உள்ளே போயிருப்பேன்.

"மலை கெடச்சுதுங்களா?" என்று கேட்டாள் அவள்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம்! "இன்னுங் கொஞ்சம் தெக்காலங்க."

அவள் சிரித்த சிரிப்பில் சொம்பு சாய்ந்து, மோர் என் டையில் கொட்டியது. வேட்டிக்காரரும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"பொய் சொல்றவங்க நெறையப் பேரைப் பாத்திருக்கறனுங்க. சொன்ன பொய்யைத் தேடிட்டு வெயில்ல கூடவே வந்தவரு நீங்க ஒருத்தருதான்!"

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். முருகேசன் அந்தப் படத்தையே பரிசாகக் கொடுத்தான். மாமனார் அதைத் தன் வீட்டு வாசலுக்கு நேராக மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "மாப்பிள்ளையோட சொத்துங்க" என்று காட்டி வருகிறார். அதை நம்பி, போன மாதம் ஒரு நில புரோக்கர் எனக்குப் போன் செய்து, ஏரிக்கரையில் சைட் கிடைக்குமா என்று கேட்டார். நான் விழிப்பதைப் பார்த்து மனைவி போனை வாங்கினாள்.

"அதை விக்கறதில்லீங்க," என்றாள். "எங்க மக பேருல எழுதியாச்சு."