வட்டி குறைந்த பிறகு நான் எடுத்த சீட்டு

ஹவுகன்ஸ்டுவா, ஓஸ்லோ
20.05.2009

மதிப்புக்குரிய குணசிங்கம் அத்தானுக்கு,

திராமன் நகரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். தொலைபேசியில் நீங்கள் என்னைக் கதைக்க விடுவதில்லை என்பதால் எழுதுகிறேன். முழுவதையும் வாசியுங்கள், எனக்கே இது முழுவதாக விளங்கவில்லை.

என் மீன்கடைப் பிறீசர் அறை செத்துப்போனது உங்களுக்குத் தெரியும். பாரையும் விளைமீனும் இப்போது பக்கத்து இறைச்சிக்கடையில் அகதியாக இருக்கின்றன, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வைத்திருக்க மாட்டார்களாம். லில்லெஸ்ட்ரோமில் மூடுகிற கடையொன்றில் நல்ல பிறீசர் தொண்ணூறாயிரம் குரோணருக்கு இருக்கிறது. அது வராவிட்டால் என் கடையையும் பூட்ட வேண்டியதுதான். நீங்கள்தானே, மத்திய வங்கி வட்டியை ஒன்றரை வீதத்துக்கு இறக்கிவிட்டது, "உடனை போய்க் கேளும், அள்ளித் தருவாங்கள்" என்றீர்கள். கோட்டும் போட்டுக்கொண்டு என் வங்கிக்குப் போனேன். போன வருடம் வட்டி உச்சத்தில் நின்றபோது கோப்பி தந்து, கடன் வேண்டாமா என்று கேட்ட அதே பெண், இந்தமுறை கோப்பியும் தரவில்லை. காலம் சரியில்லையாம், சின்னக் கடைகளுக்குக் கொடுக்கப் பயமாம், வீட்டை ஈடு வைத்தால் பார்க்கலாமாம், அப்போதும் வட்டி பதினொன்றாம். செய்தியில் ஒன்றரை என்றார்களே என்றேன். அது வங்கிகளுக்கு என்றா. அப்படியென்றால் என்னையும் ஒரு வங்கியாகப் பதியலாமோ என்று கேட்டேன். அவ சிரிக்கவில்லை. நானும் பகிடிக்குக் கேட்கவில்லை.

சரியென்று ஞாயிறு மத்தியானம் சோதிலிங்கத்தார் பிடிக்கிற ஒரு லட்சம் குரோணர் சீட்டுக்குப் போனேன். ஆர் கூடுதலாகக் கழிவு விடுகிறாரோ அவருக்குத்தான் அந்த மாதக் காசு, கழிவு மற்றவர்களுக்குப் பிரியும், உங்களுக்குத் தெரியாததா. வந்திருந்த ஒருவருக்கும் அவசரமில்லை. ஏழாயிரம் என்றேன். போனில் ஆரோ எட்டு என்றார்கள். சோதிலிங்கத்தார் போனைக் காதில் வைத்தபடி, "பேர் சொல்லக்கூடாது தம்பி, சொல்ல வேண்டாமெண்டு கேட்டிருக்கினம்" என்றார். நான் ஒன்பது, போன் பத்து. நான் பதினைந்து, போன் பதினாறு. எனக்கு வாய் நிற்கவில்லை. முப்பத்தோராயிரத்தில்தான் போன் அடங்கியது. இப்போது கையில் அறுபத்தொன்பதாயிரம். பதினொரு வீதத்துக்குப் பயந்து ஓடிவந்தவன், இது என்ன வீதம் என்று பார்க்கத் துணியவில்லை.

ஆகவே வெள்ளிக்கு முன் இருபத்தோராயிரம் தந்துதவுங்கள். அந்தப் போன்காரன் ஆரென்றும் விசாரியுங்கள். அந்தக் கழுத்தறுப்பான் வீட்டில் இனி ஒரு வாய் தண்ணீரும் குடிக்க மாட்டேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் கடவுள் நீண்ட ஆயுளும் குறைந்த வட்டியும் தரட்டும்.

அன்பு மைத்துனன்,
இரவீந்திரன்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முன்னம் என் மனைவி பூமணி வாசித்தா. வாசித்துவிட்டுத் தொப்பென்று கதிரையில் இருந்திட்டா. எனக்குத் தெரியாமல் அவவும் அந்தச் சீட்டில் ஒரு பங்கு கட்டுகிறாவாம். வங்கி எனக்குத் தராது என்று நினைத்து, பிறீசருக்காகத் துப்பரவு வேலை இடத்திலிருந்து சோதிலிங்கத்தாருக்குப் போன் எடுத்துச் சீட்டுக் கேட்டாவாம். "எதிராலை ஒரு விசரன் ஏத்திக்கொண்டே நிண்டான், பயந்து விட்டிட்டன்" என்கிறா. எனக்குக் கோபிக்கவும் முடியவில்லை அத்தான். இந்த ஓஸ்லோவில் எனக்காகக் காசு தேடி ஓடின ஒரே ஆள் அவதான். ஒருவரையும் விசாரிக்க வேண்டாம். என்ரை கழிவில் அவவின்ரை பங்குக்கு ஆயிரத்தறுநூறு வருகிறதாம், அதைத் தருகிறேன் என்கிறா. நீங்கள் பத்தொன்பதாயிரத்து நானூறு அனுப்பினால் போதும்.