மலையையே இறக்கிய கேசட்

பழைய ஆட்களைப் பார்க்கப் போகிற யாரும் வெறுங்கையோடு போவதில்லை. சிலர் புதுக் காரோடு போவார்கள், சிலர் மாப்பிள்ளையோடு போவார்கள். நான் ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். (கெட்ட நேரம் வந்தால் எது வேண்டுமானாலும் தோளில் ஏறும்.)

எண்பதுகளின் தொடக்கத்தில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரில் ஏதோ கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போனேன். திரும்பும்போது, யாரோ புண்ணியவான் கொடுத்த ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் கூடவே மலையேறியது. பார்க்க வெறும் டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். படம் தெரிய டிவி வேண்டும், பாடத்தை ஏற்ற கேசட் ரேடியோ வேண்டும். அந்தக் கேசட்டைப் போட்டால் பாட்டு வராது, "கீஈஈ... கர்ர்ர்" என்று ஓர் அலறல்தான் வரும். அலறல் முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் கம்ப்யூட்டர் எதையாவது காட்டும். நடுவில் சத்தம் போதாமல் போனால் கோபித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து கேட்கும்.

கணக்கு வாத்தியார் முனுசாமியும் நானும் தோட்டத்து மண்டபத்தின் பக்கத்து அறையில் வகுப்பு நடத்தினோம். முனுசாமிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் தொழிற்சங்கக் கூட்டங்களில் முழங்கிப் பழகிய தொண்டை. பிள்ளைகளை அடக்க அது போதும். பிறகு என்னை ஈப்போவுக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டரோடு நான் இறங்கிய கொஞ்ச நாளிலேயே அந்த அறையில் உரமூட்டைகள் குடியேறின.

பல வருஷம் கழித்து கலைவாணி போன் பண்ணினாள். எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரி. படிப்பை முடித்துவிட்டுப் பினாங்கில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரோஜா டீச்சர், பழைய கம்ப்யூட்டர் புள்ளைங்க எல்லாம் தோட்டத்துல ஒரு நாள் கூடுறோம். முனுசாமி சாரும் வர்றாரு. நீங்க இல்லாம எப்படி லா?"

உடனே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். ரிங்லெட்டில் வேலை கிடைத்து மலைக்கே திரும்புகிறாளாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் வகுப்பு எடுக்க அந்த அறை வேண்டும். தோட்டத்துக்கு மேனேஜராக வந்த புதுத் துரையோ கம்ப்யூட்டர் எல்லாம் தோட்டத்துக்கு எதற்கு என்கிறாராம்.

"அன்னிக்கி அவரையும் டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கேன். நாங்க படிச்சப்ப செஞ்சத நீங்க ஒரு தடவ போட்டுக் காட்டுனா போதும் டீச்சர். வேணாம்னு சொல்லிட்டார்னா அதோட முடிஞ்சுபோச்சு."

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

தாப்பா மலைப்பாதை வளைவுகளில் நான் வாந்தி எடுத்தேன், என் கேசட் ரேடியோ உயிரையே விட்டது. மண்டபத்தில் போய்ப் பையைத் திறந்தபோதுதான் அது தெரிந்தது. அதற்கு முன் ஒரே கட்டிப்பிடிப்பும் கும்மாளமும். மூக்கு ஒழுகிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்த பயல்கள் எல்லாம் மீசையோடு நின்று "டீச்சர், என்னை அடையாளம் தெரியுதா?" என்று மிரட்டினார்கள்.

துரை வரும் நேரம் நெருங்கியது. மேடையில் கோயில் திருவிழாவுக்கான கேசட் பிளேயரும் பெரிய ஆம்ப்ளிஃபயரும் இருந்தன. நான் நேராக அதனிடம் போனேன்.

"டீச்சர், அது கோயில் சாமான். கங்காணிய ஒரு வார்த்த கேட்டுட்டுத் தொடுவோமே" என்றார் முனுசாமி.

"இதுக்கெல்லாம் ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. நீங்க சும்மா இருங்க வாத்தியாரே."

கம்ப்யூட்டரை மண்டபத்து டிவியோடும் அந்தப் பிளேயரோடும் ஒயரால் மாட்டினேன். முதல் முறை ஏறவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். ஊஹூம். பிடித்துத் திருகி முழுசாகக் கூட்டினேன். இப்போது ஏற ஆரம்பித்தது.

"டீச்சர், வெளியில என்னமோ சத்தம் கேக்குதே..."

"மலையில எதிரொலி கேக்காம என்ன செய்யும்? கணக்கு வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா?"

பனி அடித்ததால் சன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தோம். சாத்திய சன்னலின் இடுக்கு வழியாக ஓர் ஒயர் வெளியே போயிற்று. திருவிழாவுக்காக, தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயம் வரைக்கும் மரத்துக்கு மரம் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களுக்குத்தான் அது போயிற்று. அந்த மண்டபத்தில் அதைக் கவனிக்காதவள், பயிற்சி பெற்ற நான் ஒருத்திதான்.

அந்தத் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடுவதற்கு, சங்கு ஊதும். நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் எங்கேயோ மண் சரிகிறது என்று அர்த்தம். கூடையைப் போட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் மண்டபத்துக்கு ஓடிவர வேண்டும். என் கேசட் அலறிய அலறலுக்கு அசல் சங்கே வெட்கப்படும்.

கதவு படாரென்று திறந்தது. கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற படங்குத் துணியை இடுப்பில் கட்டியபடியே முதலில் வந்தவள் கலைவாணியின் அம்மா அஞ்சலை. இரண்டு இடுப்பிலும், வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுவைக்கிற ஆயாக்கொட்டகைப் பிள்ளைகள், இரண்டுமே அவள் வீட்டுப் பிள்ளைகள் இல்லை.

"எங்க சரிஞ்சுச்சு? எந்த லயம்?"

அவளுக்குப் பின்னால் தோட்டமே நின்றது. முனுசாமி பாய்ந்து சுவிட்சில் கை வைத்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "நிறுத்தாதீங்க! முக்கால்வாசி ஏறிடுச்சு!" என்று கத்தினேன். (கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா எனக்கு!)

அந்த நேரம் பார்த்துத் துரையின் லேண்ட்ரோவர் வந்து நின்றது. கொழுந்து நிறுக்கிற நேரத்தில் கூடைகளைப் போட்டுவிட்டு மண்டபத்தின் முன்னால் கூடி நிற்கிற கூட்டத்தையும், சுவிட்சை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நடுவில் நிற்கிற பழைய சங்கத்துக்காரர் முனுசாமியையும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கலைவாணியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. போச்சு, அவள் அறையை நானே மண்ணள்ளிப் போட்டு மூடிவிட்டேன்.

துரை தோட்டத்துத் தமிழில், அலறலை மிஞ்சக் கத்தினார்: "ஸ்ட்ரைக்கா? என்ன வேணும் உங்களுக்கு?"

நடந்ததை விளக்கத்தான் முனுசாமி வாயைத் திறந்தார். "தொரை, இந்தப் புள்ளைக்கு வகுப்பு எடுக்க ஒரு ரூம் வேணும்னுதான்..." என்று ஆரம்பித்திருக்கிறார். அலறலில் யார் காதிலும் விழவில்லை. அதனால் தம் கட்டி, பழைய கூட்டத் தொண்டையில், "ரூம் வேணும்!" என்றார்.

அதே நொடியில் கேசட் முடிந்தது. மலையே நிசப்தம். அந்த நிசப்தத்தில் "ரூம் வேணும்!" மட்டும் தனியாக முழங்கியது.

எங்கள் ஜனத்துக்கு ஒரு பழக்கம். முன்னால் நிற்கிறவர் கோஷம் போட்டால் பின்னால் நிற்கிறவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள். அத்தனை கையும் மேலே போயிற்று.

"வேணும்! வேணும்!"

"சரி, சரி! எடுத்துக்குங்க!" என்றார் துரை. "நாளைக்கே உரமூட்டைய எடுக்கச் சொல்றேன். போய்க் கொழுந்து எடுங்க!"

கலைவாணி அழுதுகொண்டே சிரித்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். அப்போதுதான் டிவியில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. அந்தக் காலக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. சின்னவளாக இருந்தபோது கலைவாணி கட்டம் கட்டமாக அடுக்கிச் செய்த ஒற்றை எழுத்து திரையில் கோணலாக நின்றது: அ.

ஜனமெல்லாம் எட்டிப் பார்த்தது. அஞ்சலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் டீச்சர், இதுக்குத்தானா இம்புட்டுக் கத்து கத்துச்சு?"

முதலில் சிரித்தவர் துரை. விஷயம் புரிந்த பிறகும் அவர் கொடுத்த வாக்கை மாற்றவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வகுப்பில் சரோஜா டீச்சர் எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது.

அந்த அறையில் கலைவாணி பல வருஷம் வகுப்பு எடுத்தாள். அஞ்சலையின் கேள்வி மட்டும் என்னோடு ஈப்போவுக்கு இறங்கி வந்துவிட்டது. உப்புக் குறைந்ததற்கு நான் வீடதிரச் சத்தம் போட்டால் என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அதைத்தான் கேட்பார். என் பேரனுக்கும் இப்போது அது பாடம்.

போன தீபாவளிக்கு மறுபடியும் எல்லாரும் கூடினோம். கலைவாணியிடம் படித்தவர்களும், அவர்களிடம் படித்தவர்களும் வந்திருந்தார்கள். மண்டபம் கொள்ளவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, எங்கே என்ன வேலை பார்க்கிறோம் என்று சொல்லச் சொல்ல எனக்குத் தாங்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அஞ்சலைக்கு இப்போது காது அவ்வளவாகக் கேட்காது. என் அழுகை மட்டும் எப்படியோ கேட்டிருக்கிறது. மண்டபத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இதுக்குத்தான் டீச்சர் இம்புட்டுக் கத்து கத்துச்சு."