ரகசிய அண்ணனும் மூன்று பிரவுசிங் சென்டர்களும்

ரகசியம் காப்பதில் செல்லூர் ரகசிய அண்ணனை மிஞ்ச மதுரையில் ஆளே கிடையாது. அவரிடம் ஒரு ரகசியம் இருக்கிறது என்பது செல்லூர் முழுக்கத் தெரியும்.

அண்ணன் விசைத்தறி மெக்கானிக். ஓடுகிற தறியிலிருந்து ஒருநாள், நூலைச் சுமந்துகொண்டு குறுக்கே பாயும் கட்டையான நாடா தெறித்து அவர் மனைவியின் நெற்றியைப் பிளந்துவிட்டது. ஏழு தையல். காயம் ஆறியதும் அந்த அக்கா மறுபடியும் அதே தறியில்தான் நின்றார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. நாடா வெளியே பாயாமலிருக்க ஒரு கம்பித் தடுப்பை மனதுக்குள்ளேயே செய்து முடித்துவிட்டார். பேட்டன்ட் வாங்கும்வரை அதை ஒரு ஈ காக்காய்க்கும் காட்டுவதில்லை என்று சபதம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த கதை.

வேறு யாராவது முந்திக்கொண்டார்களா என்று இணையத்தில் தேடலாம் என யாரோ சொல்லி, அப்போது நான் நடத்திய பிரவுசிங் சென்டருக்கு வந்தார். பேட்டன்ட் தேடும் தளத்தைத் திறந்து வைத்தேன். நாலு பக்கமும் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்.

"கம்பி."

"அப்புறம்?"

"அம்புட்டுத்தேன். அடி மாப்ள."

ஆங்கிலத்தில் அடித்தேன். பக்கம் பக்கமாகக் கொட்டியது.

"இம்புட்டுப் பேரா திருடிட்டாய்ங்க!" என்று நெஞ்சில் கை வைத்தார்.

விசாரித்தால், 'தறி'யைச் சிம்மக்கல் சென்டரிலும், 'நாடா'வைக் கோரிப்பாளையம் சென்டரிலும் தேடச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் திருடர்கள் ஆயிரக்கணக்கில்.

"மூணையும் சேர்த்து அடிச்சாத்தானண்ணே தெரியும்?"

"சேர்த்துச் சொன்னா ஒனக்கும் தெரிஞ்சுபோகும்ல மாப்ள!"

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் கிரீஸ் கையோடு ஓடி வந்தார். நாடா மறுபடியும் பறந்து அக்காவின் காதை உரசிப் போயிருக்கிறது. கடையிலிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி முழு ரகசியத்தையும் கத்திச் சொன்னார். மூன்று வார்த்தையையும் ஒன்றாக அடித்ததும் அமெரிக்காக்காரர் ஒருவரின் பழைய பேட்டன்ட் வந்தது. படத்தில் அதே கம்பி, அதே வளைவு.

அண்ணன் திரையையே பார்த்தார். "எம்புட்டு அழகா வரைஞ்சிருக்காரு!"

"இந்தப் பேட்டன்ட் காலாவதியாயிருச்சுண்ணே. இனி யாரு வேணாலும் செய்யலாம்."

"அப்ப ஒளிக்க வேண்டியதில்லையா?"

"வேண்டியதில்ல."

பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார். முதல் தடுப்பு அக்காவின் தறிக்கு. அடுத்த வாரத்துக்குள் தெருவில் எல்லாத் தறிக்கும் மாட்டிவிட்டார். ஒவ்வொன்றிலும் வாயில் நுழையாத அந்த வெள்ளைக்காரர் பெயரைச் சிவப்புப் பெயின்டில் தமிழில் எழுதியிருந்தார்.

"எதுக்குண்ணே இது?"

"நான் யாருட்டயும் சொல்லாம வச்சிருந்தேன். அவரு படம் போட்டு ஊருக்கே சொல்லியிருக்காரு. பேரையாச்சும் போட வேணாமா மாப்ள?"

அந்த வெள்ளைக்காரர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். எனக்கு எங்கள் அண்ணனைத்தான் ரொம்பப் பிடிக்கும்.